கேரவன் கண்காட்சிக்குக் காசு கொடுத்து வரலாமா?

கேரவன், கேம்பிங் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு, ராமநாதபுரம் கடலோரத்தில் வேன் உள்வேலை, வண்டி மின்வேலை, டென்ட் வாடகைத் தொழில்களில் இருப்பவர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

உங்கள் நுழைவுச்சீட்டு நூறு ரூபாயாக இருக்கலாம், ஐந்நூறாகவும் இருக்கலாம். ராமேஸ்வரத்திலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ கிளம்பி வருகிறவருக்கு அது டீச் செலவு. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையம் என்றால் போக மட்டும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவை கொடிசியா என்றாலும் முந்நூறைத் தாண்டும். பஸ், ரூம், சாப்பாடு, இரண்டு நாள் கடை அடைப்பு எல்லாம் கூட்டினால் டிக்கெட் காசைப் பற்றிப் பேசவே தோன்றாது. இவ்வளவு செலவழித்து வந்தவர், வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்க முடியாத எதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார் என்றுதான் கேட்கத் தோன்றும். இப்போதைக்கு அதற்கு நல்ல பதில் உங்களிடம் இல்லை. இருக்க வைக்க முடியும் என்பதால் எழுதுகிறோம்.

வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். வண்டி எடுப்பது முடிவாகி, பணமும் ஏற்பாடாகி, கரூரில் கொடுத்துப் பாடி கட்டுவதா, உள்ளூர்ப் பட்டறையில் உள்வேலை மட்டும் பார்ப்பதா என்ற யோசனையில் இருந்தால் தாராளமாகப் போங்கள். கையில் ஒரு டேப், ஒரு டார்ச், எண்கள் எழுத ஒரு நோட்டு போதும். இன்னும் ஆசை மட்டத்தில்தான் இருக்கிறது என்றால் அந்தக் காசில் ஒரு வேனை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு அதிலேயே படுத்து எழுந்து பாருங்கள். மாமியார் படியேற முடியுமா, பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடும் என்பதெல்லாம் ஸ்டாலில் பத்து நிமிஷம் நின்றால் தெரியாது.

கண்காட்சியில் மட்டுமே கிடைக்கும் லாபம், ஒரே நாளில் பத்து வண்டிகளை அளந்து பார்ப்பது. வேனின் குறுக்கே போட்ட படுக்கை படத்தில் விசாலமாக இருக்கும். இன்சுலேஷனும் பிளைவுட்டும் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் தின்ற பிறகு, பல வேன்களில் ஐந்தரை அடிதான் மிஞ்சும். செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்தால் உடனே தெரிந்துவிடும். அதற்குத்தான் எங்கள் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் முக்கால்வாசி ஸ்டாலில் படுக்கையைச் சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். படுத்துப் பார்க்க விடாத படுக்கையைக் காட்ட எதற்கு டிக்கெட்?

அடுத்தது மின்சாரம். "கூரைச் சோலாரிலேயே ராத்திரி முழுக்க ஏசி" என்று கூசாமல் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி தொடக்கத்தில் ஒரு கிலோவாட் அளவுக்கு இழுக்கும், உள்ளே குளிர்ந்த பிறகு குறையும். வேன் என்பது தகரம். சித்திரையில் எங்கள் மண்டபம் ஊரில் ராத்திரியிலும் புழுக்கம் இறங்காது. சராசரி 600 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். பேட்டரி மின்சாரத்தை ஏசிக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் வீணாகும் பத்து சதவீதத்தைச் சேர்த்தால் 5.3. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட். நான்கு போட்டாலும் விடியுமுன் நின்றுவிடும், ஐந்து வேண்டும். கூரையில் 400 வாட் பேனல் தட்டையாகப் படுத்திருக்கிறது, மேலே கடல் உப்பும் புழுதியும் பூசியிருக்கிறது. நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் வந்தால் பெரிது. ஆக, ஒரு ராத்திரி ஏசிக்கு மூன்றரை நாள் வெயில் வேண்டும்.

ஏசியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நிறுத்தும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் கிடைத்தால் நிம்மதி. அதோடு, ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) 30 ஆம்பியர் டிசி சார்ஜர் வைத்தால் நான்கு மணி நேர ஓட்டத்தில் ஒன்றரை யூனிட் ஏறும். இதை ஸ்டாலில் வாய்விட்டுச் சொன்னால் விற்பனை கெட்டுவிடாது. ஒரு வேனையாவது காலை பத்து மணிக்கு பேட்டரியில் ஏசி போட்டு, மீட்டரை வெளியே எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அது என்ன காட்டுகிறது என்று பார்க்கவே கூட்டம் திரும்பி வரும்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் விற்பனையாளர் நெளிகிறார். உள்ளே பார்க்கவேண்டியது இரண்டே இரண்டு. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால் 12 வோல்ட் பக்கத்தில் 175 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பி வேண்டும், பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வேண்டும். காசு மிச்சம் பிடிக்க 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் முடித்திருப்பார்கள். கெட்டிலைப் போட்டதும் கம்பி சூடாகும், வோல்ட் சரியும், இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்தும். வாங்கியவர் பேட்டரியைத் திட்டுவார். கம்பி முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தாலும் கடைசியில் இதே கதைதான். ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தியிருந்தால் லக்கின் மேல் அறுகோணத் தடம் தெரியும். டார்ச் அடித்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம்.

இனி உப்பு. கண்காட்சிக் கூடத்தில் பளபளக்கும் வண்டி வேதாளையிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு வருஷம் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் துண்டறிக்கைகள் எதுவும் சொல்வதில்லை. கதவுக் கீலைப் பாருங்கள். அலுமினியத் தகட்டில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திருகு. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு ஈரம். முதலில் திருகைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரிப் பூக்கும். அரிபடுவது திருகு அல்ல, அலுமினியம். துளை பெரிதாகித் திருகு பிடிப்பை விடும். பிறகு மேட்டுப் பள்ளத்தில் கதவு கடகடக்கும். திருகுத் தலைக்கு அடியில் ஒரு நைலான் வாஷர், துளைக்குள் பாலியூரிதேன் சீலன்ட் வைத்துவிட்டால் இதைத் தடுத்துவிடலாம், செலவும் சில்லறைதான். ஸ்டாலில் காந்தத்தை வைத்து ஒட்டாததைக் காட்டி, "பாருங்க சார், ஒரிஜினல் எஸ்.எஸ்." என்பார்கள். எஸ்.எஸ்.ஸில் 304 ரகத்துக்கும் 316 ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காந்தம் சொல்லாது. 304 கடற்காற்றில் செம்பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 அதைவிட நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான். வெளிப்புறக் கீல், தாழ்ப்பாள், ஏணி போல்ட்டுக்கு மட்டும் கேட்டு வாங்கினால் போதும்.

உள்சட்டம் பெரும்பாலும் எம்.எஸ். (சாதா இரும்பு) சதுரக் குழாய். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று சொல்லி விற்றாலும் வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே ஜிங்க் பெயின்ட் அடித்தார்களா என்பது பிளைவுட்டை மூடிய பிறகு கடவுளுக்கே வெளிச்சம். குழாய் உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே தெரிய வருஷங்கள் ஆகும், தெரியும்போது தரையே தொங்கும். அதனால்தான் கேட்கிறோம்: ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வண்டியின் பக்கச் சுவரையாவது மூடாமல் கொண்டுவரட்டும். சட்டம், இன்சுலேஷன், வயர் போகும் பாதை, வயர் வெள்ளீயம் பூசிய செம்பா, வெறும் செம்பா எல்லாம் கண்ணுக்குத் தெரியட்டும். வெறும் செம்பு இங்கே பச்சை பூத்துக் கறுத்துவிடும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். நல்ல தண்ணீர்! இந்தப் பக்கம் பல ஊர்களில் போர் போட்டால் வருவதே உப்புத் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கத்தான் காணும், அதில் வண்டி கழுவினால் தெரு சும்மா விடாது. ஆகவே எங்களுக்கு முக்கியம் சேஸிக்கு அடியில் என்ன பூச்சு, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டும் என்ற விவரம்.

தண்ணீர் என்றதும் எடையும் வருகிறது. நூறு லிட்டர் டேங்க் நிரம்பினால் நூறு கிலோ. நான்கு பேர் 280 கிலோ, சாமான் 100, ஐந்து லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 60, அதற்குமேல் ஏசி, ஃபிரிட்ஜ், ஆனிங் (வெளியே இழுத்து விரிக்கும் துணிப் பந்தல்), சிலிண்டர். எளிதாக 650 கிலோ ஆகிவிடும். வண்டியின் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து, இவை எதுவும் ஏற்றாமல் உள்வேலை மட்டும் முடிந்த காலி வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதற்குள் இந்தச் சுமை அடங்கவேண்டும். பளிங்கு மாதிரி கிச்சன் மேடை, 18 மில்லிமீட்டர் பிளைவுட் அலமாரி என்று அடைத்த வண்டிகளில் 400 கிலோகூட மிஞ்சுவதில்லை. பிறகு பின்டயர் ஓரமாகத் தேயும், லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், பிரேக் பிடிக்க நேரமாகும். எடைமேடையில் ஏற்றினால் ஐந்து நிமிஷத்தில் ரசீது கிடைக்கும். கூடத்துக்குள் வரும் ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் அந்த ரசீது ஒட்டியிருக்கவேண்டும் என்று நீங்கள் ஒரு விதி போட்டால், அது ஒன்றுக்காகவே டிக்கெட் வாங்கச் சொல்வோம்.

கழிவறை கேசட் (கழற்றி எடுத்துக் கொட்டும் கழிவுத் தொட்டி) 18, 20 லிட்டர் இருக்கும். இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாள். அதை எங்கே கொட்டுவது? பெட்ரோல் பங்கில் விடமாட்டார்கள். அதில் ஊற்றும் நீல மருந்து செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிரைக் கெடுக்கும் என்பதால் லாட்ஜ்காரர் மறுப்பதும் நியாயம். கழிவறை விற்கிறவரே இதற்கும் ஒரு வழி சொல்லவேண்டும்.

காஸ் பற்றி ஒரே வார்த்தை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் அறையின் அடித்தட்டில் வெளியே திறக்கும் ஓட்டை இல்லாத வண்டியைக் கூடத்துக்குள்ளேயே விடாதீர்கள். மேலே வைத்த காற்றுத் துளை இதற்கு உதவாது.

சட்டத்துக்கு வருவோம், ஏமாறுவது இங்கேதான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. மோட்டார் கேரவன் என்று ஒரு தனி வகை இருக்கிறது. உட்கார இருக்கையும் மேசையும், படுக்க வசதி, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கவேண்டும். அதற்கான வகை ஒப்புதல், அதாவது மாடலைச் சோதித்து அனுமதிக்கும் தரம், ஏ.ஐ.எஸ்-124. ஸ்டாலில் கேட்கவேண்டிய கேள்வி: "இந்த மாடலுக்கு ஏ.ஐ.எஸ்-124 சான்று இருக்கிறதா, நகலைக் காட்டுங்கள். ஆர்.சி.யில் பாடி வகை என்னவென்று விழும்?" "அதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த ஸ்டாலுக்கு நடையைக் கட்டுங்கள். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் வேறொன்று என்றால் விபத்தன்று இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். லைசென்ஸ் விஷயத்தில் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது.

உங்கள் பேனர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிச்சல்முனை மணலில் கேரவன், பக்கத்தில் மேசை போட்டு இரவு விருந்து. மாலையானால் தனுஷ்கோடிப் பக்கம் சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது படம் எடுத்தவருக்குத் தெரியாதா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் டென்ட் போடும் படமும் ஒன்று சுற்றுகிறது. தை பிறந்து பங்குனி, சித்திரை வரை 'பங்குனி ஆமை' என்கிற கடலாமை கரையேறி முட்டையிடும் காலம். வண்டி விளக்கும் சீரியல் பல்பும் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாக ரோட்டுப் பக்கம் இழுத்துவிடும். வனத்துறை விரட்டும்போது அவமானப்படுகிறவர் உங்கள் டிக்கெட்டை வாங்கியவர். அந்தப் பேனரைக் கழற்றிவிட்டு, அரியமான், காரங்காடு, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் இரவு வண்டி நிறுத்த யாரிடம் அனுமதி கேட்கவேண்டும், தண்ணீரும் பிளக்கும் எங்கே என்று விசாரித்து ஒரு மேப் அச்சடியுங்கள். மணலில் மட்டும் இறக்கச் சொல்லாதீர்கள். இரட்டைப் பின்டயர் வேன் மணலில் புதைந்தால் டிராக்டர்தான் இழுக்கவேண்டும், வாடகையை அப்போதுதான் பேசுவார்கள்.

டென்ட் ஸ்டால்களில் இன்னும் வேடிக்கை. ஏசிக் கூடத்தில், கார்ப்பெட் மேல், காற்றே இல்லாமல் விறைத்து நிற்கும் டென்ட்டை வைத்து என்ன தெரிந்துகொள்வது? இங்கே காற்றுக்குப் பேர் வைத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் நிற்க முடியாது, பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடை திரும்பினால் கதை தலைகீழ். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்துவார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் தள்ளும் விசை நான்கு மடங்கு. டென்ட்டோடு தரும் ஏழு அங்குலக் கம்பி ஆணி மணலில் கையோடு வந்துவிடும். ஒன்றேகால் அடி நீளத்தில் அகலப் பட்டை ஆணி வேண்டும். அல்லது சின்னச் சாக்கில் மணல் அடைத்து, கழுத்தில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கவைத்து மூடி மிதிக்கவேண்டும். இதுதான் கடற்கரையில் நிற்கும். ஃபைபர் கம்பு ஒரே இடத்தில் பலமுறை வளைந்தால் நார் நாராகப் பிளக்கும், கையில் குத்தும். அலுமினியக் கம்பு வளையும், நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம்.

"நான்கு பேர் டென்ட்" என்றால் ஆளுக்கு 60 சென்டிமீட்டர், அதாவது பாய் அகலம். இந்தப் புழுக்கத்தில் அது இரண்டு பேர் டென்ட். விடியலில் உள்கூரை நனைந்திருந்தால் ஒழுகுகிறது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். பாதி நேரம் அது மூச்சுக்காற்று குளிர்ந்து படிந்த ஈரம், இரண்டு பக்கமும் வலை ஜன்னல் இருந்தால் குறையும். ஜிப்பில் பொடி மணல் ஏறி இறுகினால் இழுக்கக் கூடாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓடும். விற்கும் ஆளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்த ஸ்டாலில் கூட்டம் தானாக நிற்கும். கூடத்துக்கு வெளியே ஒரு லோடு மணல் கொட்டி, ஒரு பெரிய புளோயர் வைத்து, வந்தவர்களையே டென்ட் அடிக்கச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை.

ஜெர்மனியில் டூசல்டார்ஃபில் நடக்கும் காரவான் சலோன் என்ற கேரவன் கண்காட்சிக்கு வருகிறவர்கள் தங்கள் வண்டியிலேயே வந்து தங்க, கண்காட்சிக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்குகிறார்கள். நம்மூரிலும் ஒரு பத்து வண்டிக்காவது பிளக்கும் தண்ணீரும் கொடுத்தால் போதும். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர் கண்காட்சிக்கு வருவார். புதிதாக வாங்க நினைப்பவருக்கு மூன்று வருஷம் உழைத்த வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிடைக்கும். கடலோரத்தில் ஓடிய வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் துருவைப் பார்க்க எங்கள் ஆட்கள் எவ்வளவு தூரமும் வருவார்கள்.

"இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று அட்வான்ஸ் வாங்கும் ஸ்டால்களை நீங்கள் கட்டுப்படுத்தவேண்டும். கண்காட்சியில் கொடுக்கும் முன்பணம் ஏழு நாளுக்குள் கேட்டால் பிடித்தம் இல்லாமல் திரும்ப வரும் என்று ஸ்டால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ரசீதில் வெறும் மாடல் பேர் போதாது. பேட்டரி எத்தனை யூனிட், கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர், டேங்க் எத்தனை லிட்டர், காலி எடை எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடட்டும்.

ராமநாதபுரத்துக்கே கண்காட்சியைக் கொண்டுவரும் யோசனை இருந்தால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழை. தை, மாசி தோது. கடற்கரையில் வேண்டாம், ஊருக்குள் ஒரு மைதானம் போதும். டிக்கெட் விற்பனைக்கு முன்பே எத்தனை வண்டி வருகிறது, எதெதற்கு ஏ.ஐ.எஸ்-124 சான்று இருக்கிறது, எத்தனை ஸ்டால் வண்டி உதிரிப் பொருளுக்கு, எத்தனை வெறும் ஹோட்டல் விளம்பரத்துக்கு என்று பட்டியல் போட்டுவிடுங்கள். கடைசி நாள் மதியத்துக்கு மேல் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பட்டறை ஆட்களுக்குக் கட்டணம் இல்லாமல் விடுங்கள். ஸ்டால்காரர் பெட்டியைத் திறக்க மறுத்தால் திறக்கச் சொல்ல உங்கள் ஆள் ஒருவர் அப்போது கூடத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோர வேன் உள்வேலை, மின்வேலை, டென்ட் வாடகைத் தொழிலில் உள்ளவர்கள்